‘ஹான்ட்ஸ்பிறீ’ வாங்குவோர் கவனத்திற்கு

கொழும்பு மாநகரத்துத் தமிழிலே ‘ஹான்ட்ஸ்பிறீ’ என்றொரு சொல் நிலைபெற்றுப் பல ஆண்டுகளாகின்றன. காதிலே செருகிப் பாட்டுக் கேட்கும் கருவி எதுவாயினும், அதன்மூலம் வாய்திறந்து கதைக்க முடிந்தாலென்ன முடியாவிட்டாலென்ன, எம்மவர் அதற்கு இட்ட பெயர் இதுவே. சிங்கள அன்பர்களும் இதனையே வழங்குகின்றனர். கைகளை விடுவிப்பது என்பது அப்பெயரின் பொருள். காலை ஏழு மணியளவில் தெமட்டகொடையிலே பேஸ்லைன் வீதியோரத்தில் நின்று பார்ப்போருக்கு அப்பெயரின் செல்வாக்கு நன்கு விளங்கும். பஸ் தரிப்பிடத்தில் நிற்கும் உத்தியோகப் பெண்களின் காதில் அது இருக்கும். முச்சக்கர வண்டிச் சாரதியின் காதில் இருக்கும். உணவுப் பொதியோடு பறக்கும் மோட்டார்ச் சைக்கிள் இளைஞனின் தலைக்கவசத்துக்குள்ளும் இருக்கும். அவ்வளவு பேரும் யாரோடோ கதைத்துக்கொண்டே இருக்கின்றனர்.

எம்மிடம் பௌதிகவியல் கற்கும் மாணவரின் பெற்றோர் எம்மைக் காணும்போது, பிள்ளையின் படிப்பைப்பற்றி விசாரித்து முடிந்ததும், “சேர், கம்பியில்லாத ஹான்ட்ஸ்பிறீயில் எது நல்லது?” என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. நாம் எந்த வியாபாரச் சின்னத்தையும் பெயர் சொல்லிப் பரிந்துரைப்பதில்லை. இந்த மாதம் சந்தைக்கு வந்தது அடுத்த மாதம் மறைந்துபோகும் காலம் இது. அதற்குப் பதிலாக ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்போம்: “பாட்டுக் கேட்கவா, அன்றிக் கதைக்கவா?” பெரும்பாலோர் இரண்டுக்குந்தான் என்பர். அவ்விடத்திலேதான் சிக்கல் தொடங்குகின்றது.

வாங்குபவர் கடையில் என்ன செய்கிறார் என்பதைக் கவனியுங்கள். கருவியைக் காதில் வைத்து, தமக்கு விருப்பமான ஒரு பாட்டை ஓடவிட்டு, மத்தளமும் வயலினும் துலக்கமாகக் கேட்கின்றனவா என்று பார்க்கிறார். கேட்டால் மகிழ்ச்சியோடு பணத்தை எண்ணிக் கொடுக்கிறார். ஆனால் தொலைபேசிப் பேச்சிலே அக்கருவி செய்யவேண்டிய வேலையிற் பாதி, எம் குரலை மறுமுனையில் இருப்பவரிடம் ஒப்படைப்பதாகும். அந்தப் பாதியை வாங்குபவர் ஒருபோதும் கேட்பதில்லை. உப்புப் பாராமற் பந்திக்கு அனுப்பிய சமையலைப்போலக் கருவி வீடு வந்து சேர்கின்றது. ருசி எப்படி என்பது உண்பவருக்கே தெரியும். அவரோ மறுமுனையில் இருக்கிறார்.

இது வெறும் வசதிக் குறைவு என்று தள்ளிவிடத் தக்கதன்று. எமது அயலில் வாழும் பெண்மணி ஒருவரின் தாயார் யாழ்ப்பாணத்திலே தனியே இருக்கிறார். வயது எண்பதைக் கடந்தவர். நீரிழிவுக்கு இன்சுலின் ஏற்றுபவர். மகள் நாள்தோறும் காலையில் வேலைக்குப் புறப்பட்டு, பஸ்ஸுக்குக் காத்துநிற்கும் வேளையில், தாயாரை அழைத்து இரத்தத்திலுள்ள சீனியின் அளவைக் கேட்டு, வைத்தியர் குறித்த இன்சுலின் அளவை நினைவூட்டுவார். கொழும்பிலே நம்மவர் தமிழிற் கதைத்தாலும் எண்களை ஆங்கிலத்திற் சொல்லிவிடும் பழக்கம் வாசகர் அறிந்ததே. ஒருநாள் மகள் “சிக்ஸ்ரீன்” என்று சொல்ல, தாயார், “என்ன பிள்ளை, மில்லுக்குள்ள நிண்டு கதைக்கிறியோ? சிக்ஸ்ரியோ சொன்னனீ?” என்று திருப்பிக் கேட்டாராம். மகள் நடுங்கிப்போய் ஓர் ஒழுங்கைக்குள் ஓடி, “பதினாறு அம்மா, பத்தும் ஆறும்!” என்று கத்தினாராம். தாயார் ஐயப்பட்டுக் கேட்டதனால் அன்று தீங்கொன்றும் நேரவில்லை. அப்பெண்மணியின் காதிலிருந்தது மலிவான பொருளன்று. கனடாவிலிருந்து சகோதரர் அனுப்பிய விலையுயர்ந்த கருவி. பாட்டுக் கேட்பதற்கு அதனினும் சிறந்ததொன்றைக் காண்பது அரிது. பேஸ்லைன் வீதியில் நின்று கதைப்பதற்கு அது அமைக்கப்பட்டதன்று, அவ்வளவே.

ஏன் என்பதைச் சிறிது விளக்குவோம். வாயிலிருந்து எழும் ஒலி நாற்புறமும் பரவிச் செல்லுங்கால், தூரம் இரட்டித்தால் அதன் வலிமை காற்பங்காகும் என்பது பௌதிகவியல் கற்ற மாணவர் யாவரும் அறிந்த விதி. வாயின் ஓரத்துக்கு நீளும் ஒரு சிறு தண்டின் நுனியிலே ஒலிவாங்கி அமைந்திருந்தால், அது உதட்டிலிருந்து மூன்று சென்ரிமீற்றர் தூரத்தில் இருக்கும். காதுக்குள் அடங்கும் சின்னஞ்சிறு குமிழிலே அமைந்திருந்தால் ஏறக்குறையப் பன்னிரண்டு சென்ரிமீற்றர். தூரம் நான்கு மடங்கு. ஆகவே அங்கு சென்றடையும் குரலின் வலிமை பதினாறில் ஒரு பங்கு. ஆனால் வீதியிலே ஓடும் பஸ்ஸின் இரைச்சல் இரண்டு ஒலிவாங்கிகளுக்கும் ஒரேயளவாகவே வந்து சேர்கின்றது. எவ்வளவு நுட்பமான மின்னணு வேலைப்பாடு உள்ளே இருந்தாலும், இந்தப் பதினாறில் ஒரு பங்கு என்னும் நட்டத்தோடுதான் அது வியாபாரத்தைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

இந்நட்டத்தை ஈடுசெய்யவே உற்பத்தியாளர் இரண்டு மூன்று ஒலிவாங்கிகளை ஒரே குமிழிற் பொருத்தி, வாயின் திசையிலிருந்து வரும் ஒலியை மாத்திரம் பிரித்தெடுக்க முயல்கின்றனர். பெட்டியின்மேல் ‘ஈ.என்.சி.’ என்று அச்சிட்டிருப்பது இதனையே குறிக்கும். இதற்கு அண்மையிலேயே ‘ஏ.என்.சி.’ என்று மற்றொன்றும் அச்சிட்டிருக்கும். கடைக்காரர் இரண்டையும் ‘நொய்ஸ் கான்சலேஷன்’ என்ற ஒரே பெயரால் விற்றுவிடுவர். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஏ.என்.சி. என்பது கேட்பவரின் காதுக்குள் புகும் இரைச்சலைத் தணிப்பது. இரைச்சலுக்கு நேரெதிரான அலையொன்றை உண்டாக்கி இரண்டையும் மோதவிட்டு அழிக்கும் இவ்வுபாயத்துக்கு ஜெர்மானியராகிய பௌல் லூக் என்பவர் 1936ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவிற் காப்புரிமை பெற்றார். 1978இல் விமானப் பயணமொன்றின்போது, காதுக் கருவியில் விமான இரைச்சல் பாட்டைக் கெடுப்பதைக் கண்டு மனம் வெதும்பிய அமர் போஸ் என்னும் பேராசிரியர் அக்கருத்தைக் காதுக் கருவிக்குக் கொண்டுவரும் வேலையைத் தொடங்கினார்; 1989இல் அவரது கம்பனி விமானிகளுக்கென அதனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இவர் வங்காளத்து விடுதலைப் போராளி ஒருவரின் மகன் என்பதை எம் மாணவரிடம் சொல்வதில் எமக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு. நிற்க. பஸ் தரிப்பிடத்தில் ஏ.என்.சி. பூட்டிய கருவியை அணிந்திருப்பவர்க்கு உலகமே அமைதியாகிவிடும். மறுமுனையில் இருப்பவருக்கோ பஸ்ஸும் லொறியும் முன்போலவே கேட்கும். தாம் அமைதியில் இருப்பதனால் அவர் குரலையும் தாழ்த்திக்கொள்வார். மறுமுனையிலுள்ளவரின் பாடு இன்னும் மோசமாகும். அயலாரின் தாயாருக்கு நேர்ந்தது இதுவே.

பாட்டு நன்றாகக் கேட்கும் கருவியிலே பேச்சு மாத்திரம் தகரப் பேணிக்குள்ளிருந்து வருவதுபோல ஒலிப்பதற்கு மற்றுமொரு காரணமும் உண்டு. கைத்தொலைபேசிக்கும் காதுக் கருவிக்கும் இடையே ‘புளூடூத்’ அமைக்கும் பாதை இருவகைப்படும். பாட்டுக்கான பாதை ஒருவழிப் பாதை, அகலமானது. பேச்சுக்கான பாதை இருவழிப் பாதை, ஒடுக்கமானது. அழைப்பு வந்ததும் கருவி தானாகவே முதலாவதை விட்டு இரண்டாவதற்கு மாறிவிடும். பழைய முறையில் அந்த இருவழிப் பாதை, பழங்காலத் தொலைபேசிக் கம்பியைப்போல, வினாடிக்கு 300 முதல் 3400 வரையான அதிர்வுகளை மாத்திரமே கொண்டுசென்றது. ஸ், ஷ், ச் என்னும் உரசொலிகளின் பெரும்பகுதி அதற்கு மேலேயே இருப்பதால் அவை வழியில் உதிர்ந்துபோகும். 2011இல் வந்த திருத்தத்தின்படி இப்பாதை வினாடிக்கு 7000 அதிர்வுகள்வரை அகன்றது. கடைகளில் ‘எச்.டி. வொய்ஸ்’ என்று சொல்லப்படுவது இதுவே. 2020இல் ‘எல்.ஈ. ஓடியோ’ என்னும் புதிய முறை அறிவிக்கப்பட்டது. அது இதனினும் மேம்பட்டது. ஆனால் இவற்றின் பயன் கிடைப்பதற்குக் கருவியும் கைத்தொலைபேசியும் ஆகிய இரண்டும் அம்முறையை அறிந்திருத்தல் வேண்டும். பழைய கைத்தொலைபேசியை வைத்துக்கொண்டு புதிய கருவிக்குப் பெரும்பணம் கொடுப்பது பழைய மாட்டு வண்டிக்குப் புதுச் சில்லுப் பூட்டுவதை ஒக்கும்.

புளூடூத் என்னும் பெயரைப்பற்றியும் பலர் வினவுவதுண்டு. நீலப்பல் என்பது அதன் நேர்ப்பொருள். பத்தாம் நூற்றாண்டிலே டென்மார்க்கை ஆண்ட ஹரால்ட் மன்னனுக்கு அப்படியொரு பட்டப்பெயர் இருந்தது. சிதறிக்கிடந்த மக்களை அவன் ஒன்றுசேர்த்ததுபோல வெவ்வேறு கருவிகளை ஒன்றுசேர்க்கும் முறையிது என்று கருதி, இன்ரெல் கம்பனிப் பொறியியலாளர் ஜிம் கார்டாக் அப்பெயரைச் சூட்டினார். முறைமை தோன்றியது சுவீடன் நாட்டு எரிக்சன் கம்பனியில், 1994இல். 1998இல் எரிக்சன், நொக்கியா, ஐ.பி.எம்., இன்ரெல், தோஷிபா ஆகிய ஐந்தும் கூடிச் சங்கம் அமைத்தன. பேச்சை ஏந்தும் வானொலி அலை வினாடிக்கு 1600 தடவை மீடிறன் மாறி, 79 ஒடைகளுக்கிடையே தத்தித் தத்திச் செல்கின்றது. அதனாலேயே ஒரு பஸ்ஸுக்குள் இருபது பேர் இருபது கருவிகளில் ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேளாமற் கதைக்க முடிகிறது. மீடிறனைத் தாவச்செய்யும் கருத்துக்கு 1942இல் ஒரு காப்புரிமை பெற்றவருள் ஒருவர் ஹெடி லமார் என்னும் ஹொலிவூட் நடிகை என்றால் நம்புவது கடினம். மற்றவர் ஜோர்ஜ் அன்ரைல் என்னும் இசையமைப்பாளர். பியானோவிலுள்ள கட்டைகளைப்போல 88 மீடிறன்களிடையே தாவும் முறை அவர்களது. பகைவர் கடற்படைக்குத் தப்பி ரோப்பிடோக்களை வழிநடத்த அவர்கள் எண்ணியது. இன்று தெமட்டகொடையிலே மீன் விலை பேச உதவுகின்ற முறைக்கு அது முன்னோடி.

இவ்வலைகளை நீர் உறிஞ்சும். மனித உடம்போ பெரும்பாலும் நீர். ஆகவே கைத்தொலைபேசியை வலப்பக்கக் காற்சட்டைப் பையில் வைத்து, கருவியை இடக்காதில் அணிவோருக்குப் பேச்சு விட்டுவிட்டுக் கேட்பதில் வியப்பில்லை. பத்து மீற்றர் தூரம் எட்டும் என்று பெட்டியிற் கண்ட கணக்கு, இடையில் உடம்பில்லாத வெளிக்கே பொருந்தும். கருவியைக் குறைசொல்லித் திருப்பிக் கொடுக்குமுன் பையை மாற்றிப் பாருங்கள்.

இனி, எவருக்கு எது பொருந்தும்? அலுவலகத்திலோ வீட்டிலோ நெடுநேரம் கதைப்போருக்கும், வீதி இரைச்சலில் நின்று கதைக்க வேண்டியோருக்கும் எமது தெரிவு ஒன்றே: ஒரு காதில் மாத்திரம் மாட்டுவதும், வாயோரத்துக்குத் தண்டு நீள்வதுமான கருவி. அழகுக்குக் குறைவுதான். தொலைபேசி நிலைய ஊழியரைப்போல இருக்கிறதென்று இளைஞர் முகஞ்சுளிப்பர். அத்தண்டின் பெருமையை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்: 1969இல் ஆம்ஸ்ட்ரோங் சந்திரனிலிருந்து பேசிய முதற் சொற்களை ஏந்தியது இவ்வகைக் கருவியே. காது அடைபடாமல், கன்னத்தெலும்பின் வழியாக ஒலியைச் செலுத்தும் கருவிகளும் உள. வீதியோசை இயல்பாகக் கேட்க வேண்டியோருக்கு அவை நல்லவை. ஆயினும் இரைச்சல் மிகுந்த இடத்தில் எதிராளியின் பேச்சு அவற்றில் மங்கிவிடும். வெள்ளவத்தையிலே மாலையிற் கடற்கரையோரம் நடப்பவரின் எதிரி இரைச்சலன்று, காற்று. ஒலிவாங்கியில் நேரே மோதும் கடற்காற்று பேச்சை முழுதாக விழுங்கிவிடும். பஞ்சுத் தொப்பி அணிந்த ஒலிவாங்கி அவர்களுக்கு வேண்டும். எமது வெப்பத்துக்கும் வியர்வைக்கும் தாக்குப்பிடிக்க, எத்திசையிலிருந்து தெறிக்கும் நீரையும் தாங்குமென்று பொருள்படும் ‘ஐ.பி.எக்ஸ். 4’ என்ற குறியாவது இருத்தல் நன்று.

கம்பியுள்ள பழைய கருவியை ஏளனஞ் செய்வோருடன் நாம் உடன்படுவதில்லை. அதற்கு மின்னேற்றத் தேவையில்லை, தொலைந்துபோவதும் அரிது, கம்பியில் தொங்கும் ஒலிவாங்கி வாய்க்கு அண்மையில் இருப்பதால் பல நூறு ரூபாப் பொருள் பல்லாயிரம் ரூபாப் பொருளைப் பேச்சில் வென்றுவிடுவதும் உண்டு. அதனைச் செருகும் துளையுள்ள கைத்தொலைபேசிகள் அருகி வருவதே வருத்தம்.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்கு வாங்கச் செல்வோர் ஒரு காரியம் செய்ய வேண்டும். புறப்படுமுன் வீட்டிலே ஒருவரை, கூடுமாயின் காது சற்று மந்தமான முதியவர் ஒருவரை, தொலைபேசியருகே இருத்திவிட்டுச் செல்லுங்கள். கடைக்காரரிடம் மாதிரிக் கருவியைக் கேளுங்கள். முத்திரை உடைத்துக் காதில் வைத்த பொருளை அவர் வேறெவருக்கும் விற்க முடியாது என்பதால் எல்லாவற்றையும் திறந்து காட்டும்படி வற்புறுத்துவது முறையன்று. நல்ல கடைகளில் மாதிரி ஒன்றிரண்டு இருக்கும். “நானா, வெளியில நிண்டு ஒரு கோல் எடுத்துப் பாக்கட்டே?” என்று கேட்டால், “எடுங்க மாஸ்டர், தூரமாப் போயிராதீங்க” என்று சிரித்தபடி விடுவர். நாட்டாமைமார் கைவண்டிகளைத் தள்ளிக் கூவிச்செல்லும் அத்தெருவைவிடச் சிறந்த பரிசோதனைச்சாலை எங்கும் கிடையாது. வீட்டாரை அழைத்து, அவருக்குத் தெரியாத சில எண்களையும் ஊர்ப்பெயர்களையும் சொல்லி, அவற்றைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். எந்தக் கருவியென்று அவருக்குச் சொல்ல வேண்டாம். இரண்டு மூன்று கருவிகளுக்கு இவ்வாறு செய்தால் விலைச்சீட்டுக்கும் குரல் துலக்கத்துக்கும் உள்ள உறவு எத்துணைத் தளர்ந்தது என்பது வெளிப்படும்.

பெட்டியில் ‘36 மணி நேரம்’ என்று பெரிதாக அச்சிட்டிருப்பதைக் கண்டு மயங்க வேண்டா. அது பெரும்பாலும் பாட்டுக் கேட்கும் நேரம்; அதுவும் மின்னேற்றும் பேழையிலுள்ள பற்றரியையும் கூட்டிச் சொன்ன கணக்கு. ஒருமுறை ஏற்றினால் எத்தனை மணி நேரம் கதைக்கலாம் என்று வேறாகக் கேட்க வேண்டும். ஒலிவாங்கியும் வேலைசெய்வதால் அது பாட்டு நேரத்திலும் குறைவாகவே இருக்கும். சிறு குமிழ்களுக்குள்ளிருக்கும் பற்றரி சில ஆண்டுகளில் நலியும். அதனை மாற்றுவது பெரும்பாலும் இயலாது. பெயர்பெற்ற சின்னங்களின் போலிகள் தாராளமாக உலாவுகின்றன. பற்றுச்சீட்டும் உத்தரவாதச் சீட்டும் பெறாமல் வாங்கியவர், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் முறையிடச் சென்றாலும் காட்டுவதற்குக் கையில் ஒன்றும் இராது.

வாங்கிய பின் இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது காதைப்பற்றியது. 80 டெசிபெல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேலும், 90 டெசிபெல் ஒலியை 4 மணி நேரத்துக்கு மேலும் கேட்பது செவிக்குக் கேடென்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. பேஸ்லைன் வீதியின் இரைச்சலை வெல்லும் பொருட்டு ஒலியைக் கூட்டிக் கூட்டி வைப்போர் இவ்வெல்லையை அறியாமலே தாண்டிவிடுவர். ஒழுங்கைக்குள் நான்கடி ஒதுங்கி நின்று கதைப்பது இதற்குச் செலவில்லாத மருந்து. எமது அயலாரும் இப்போது அவ்வாறே செய்கிறார். தண்டு நீண்ட கருவியொன்றை வாங்கியதோடு, இன்சுலின் அளவைத் தமிழிலேயே சொல்லவும் பழகிவிட்டார்.

இரண்டாவது உயிரைப்பற்றியது. வண்டி ஓட்டுகையிற் கைத்தொலைபேசியைக் கையிற் பிடித்துப் பேசுவது எமது நாட்டிற் சட்டப்படி குற்றம். ஆகவே ஹான்ட்ஸ்பிறீ அணிந்தால் ஆபத்து நீங்கியது என்று சாரதிகள் எண்ணுகின்றனர். கனடாவின் ரொறன்ரோ நகரிலே விபத்துக்குள்ளான 699 சாரதிகளின் தொலைபேசிப் பதிவுகளை ரெடெல்மயர், திப்ஷிரானி என்னும் இருவர் ஆராய்ந்து 1997இல் வெளியிட்டனர். கைத்தொலைபேசியிற் பேசும்போது விபத்து நேரும் வாய்ப்பு நான்கு மடங்காகிறது என்று கண்டதோடு, கையை விடுவிக்கும் கருவிகள் கையிற் பிடித்துப் பேசுவதிலும் பாதுகாப்பானவை என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை என்றும் கூறினர். 2001இல் யூட்டா பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளரும், சாரதி ஓட்டத்தை ஒத்த சோதனையில், இரு சாராரும் சமிக்ஞை விளக்கை ஒரேயளவு தவறவிடுவதைக் கண்டனர். கை சுக்கானில் இருந்தாலும் மனம் மறுமுனையில் இருக்கின்றது. அருகில் அமர்ந்து பேசுபவர் வீதியில் நெருக்கடி கண்டதும் வாயை மூடிக்கொள்வார். தொலைவிலிருந்து பேசுபவருக்கு அது தெரியாது. அழைப்பு வந்தால் ஓரமாக நிறுத்திப் பேசும் முச்சக்கர வண்டிச் சாரதிகள் சிலரை எமது பகுதியில் அறிவோம். அவர்களுக்கு இரண்டு ரூபா குறைந்தாலும் குறையட்டும், நாம் அவர்களின் வண்டியிலேயே ஏறுவோம்.

நடப்போர் நிலையும் இதுவே. யாழ்ப்பாணத்துக்கும் கண்டிக்கும் செல்லும் புகையிரதங்கள் மருதானையை விட்டதும் தெமட்டகொடையூடாகவே ஓடுகின்றன. என்ஜின்கள் தரிக்கும் கொட்டகையும் இங்கேயே இருப்பதால் தண்டவாளங்களில் வண்டி அசையாத வேளை குறைவு. வீட்டுக்குக் குறுக்குவழி தேடி அவற்றைக் கடப்போரும் அவற்றின்மேல் நடப்போரும் எப்போதும் உளர். காதை அடைத்துக்கொண்டு தண்டவாளத்தில் நடந்தவர் புகையிரதம் மோதி இறந்தார் என்ற செய்தியைப் பத்திரிகையில் நாம் எத்தனை முறை வாசித்துவிட்டோம்! இரு காதையும் அடைக்கும் கருவியோடு ஏ.என்.சி.யும் சேர்ந்தால் என்ஜினின் ஊதலும் தூரத்து ஓசையாகிவிடும். மாணவர்க்கு வாங்கிக் கொடுக்கும் பெற்றோர், வெளியே செல்லும்போது ஒரு காதில் மாத்திரம் அணியும்படியும், தண்டவாளம் வருமுன் அதையும் கழற்றிச் சட்டைப்பையில் இடும்படியும் கருவியைக் கையிற் கொடுக்கும் அன்றைக்கே சொல்லிவைப்பார்களாக.